உடைந்த டெக்கிளுக்கு மாத்து

மாத்தளை மாவட்டத்தில் ‘ஒன்று’ என்ற எண்ணை வாயால் சொல்லாமலே ஐம்பத்தெட்டு வயது வரை வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் பரக்கத்து நானாதான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் பலர், பொருளை எண்ணத் தொடங்கும்போது முதலாவதை ‘பரக்கத்து’ என்றுதான் சொல்வார்கள். இறைவனின் அருளோடு தொடங்கட்டும் என்பதற்காக. பிறகு ரெண்டு, மூணு. கடையை மூடும்போது அந்த வழக்கத்தையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நானா மூடவில்லை. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், “புள்ளைங்க எத்தன பேரு நானா?” என்று கேட்டதற்கு, “பரக்கத்து” என்றார். மீதியையும் சொல்வார் என்று அந்தப் பெண் பேனாவோடு ஐந்து நிமிடம் காத்திருந்தார்.

அவருடைய தொழில் தேங்காய் எண்ணுவது. பலாபத்வலயில், கண்டி–யாழ்ப்பாண வீதியோரத்து மொத்தக் கடை ஒன்றில், லொறிக்கும் குவியலுக்கும் நடுவே நின்று எண்ணுவார். குரல் அடுத்த பஸ் தரிப்பிடம் வரை கேட்கும். மூவாயிரம் காய் எண்ணுகிறபோதே சம்பந்தி வீட்டுச் சண்டையைப் போனில் தீர்த்து வைப்பார். காய் தவறாது, சண்டைதான் தீராது. காதருகே ஆட்டிப் பார்த்து, வெடித்த காய் என்று தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு, “மாத்து!” என்று கூவி வேறொரு காயைப் போடுவார். மாத்துக்காய் போட்ட பிறகுதான் அடுத்த எண். நாற்பது வருடத்தில் வாங்க வந்தவர் எவரும் “திருப்பி எண்ணுங்க” என்று அவரிடம் சொன்னதில்லை. அவருக்கென்று இருந்த பெரிய சொத்து அதுதான்.

இப்படிப்பட்டவர் ரகருக்குள் வந்தது நடுவரின் குற்றம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது பதினைந்து பேர் ஆடும் ரகர். சில வருடங்களுக்கு முன் யாரோ ஆர்வக்கோளாறில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கைக் கொண்டுவந்து, மாவட்டத்துக்கு ஒரு நொக்அவுட் கிண்ணமும் வைத்துவிட்டார்கள். இதில் பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை விழுத்தலாம்; ஒருமுறை விழுத்தினால் ஒரு டெக்கிள். ஆறாவது டெக்கிளோடு பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அதற்குள் எதிரணியின் ட்ரைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, நான்கு புள்ளி. நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவரால் ஓட முடியும், எண்ண முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. முதல் சுற்றில் ஓர் அணிக்கு ஒன்பது டெக்கிள் கிடைத்தது, மற்ற அணிக்கு நான்கு. விளையாட்டு முடிந்த பிறகுதான் உண்மையான டெக்கிள்கள் ஆரம்பமாயின.

அடுத்த சுற்றுக்கு நானாவை அழைத்து எல்லைக்கோடும் ட்ரைக் கோடும் சேரும் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். “கையில காய் இல்லாம எனக்கு எண்ண வராதுங்க” என்றார் அவர். ஆகவே ஒரு சாக்குத் தேங்காயும் வந்தது. ஒவ்வொரு டெக்கிளுக்கும் ஒரு காயை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் எறிவார். “பரக்கத்து… ரெண்டு… மூணு…” கலேவெலயிலிருந்து வந்த சிங்களப் பையன்கள் ‘பரக்கத்து’ என்பது இங்கிலாந்திலிருந்து வந்த விதி என்றே நம்பினார்கள்.

காலிறுதியில் பந்து எல்லை தாண்டி உருண்டு நானாவின் குவியலுக்குள் போனது. ஓடிவந்த தம்புள்ளைப் பையன் அவசரத்தில் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இருபது மீற்றர் ஓடினான். மூன்று பேர் சேர்ந்து அவனை விழுத்தினார்கள். நானா அதையும் எண்ணினார்.

“அது பந்து இல்ல நானா!” என்று நடுவர் கத்தினார்.

“அப்ப ஏன் சேர் மூணு பேரு பாய்ஞ்சாங்க?” என்றார் நானா.

இறுதிப் போட்டி பலாபத்வலக்கும் கலேவெலக்கும். பலாபத்வல எந்த விளையாட்டிலும் எந்தக் கிண்ணமும் எடுத்ததில்லை. அணித்தலைவன் நானாவின் ஒரே மகளைக் கட்டியவன். மாமனார் எண்ணுவது சரியா என்று கேள்வி எழுந்தபோது, கலேவெல அணியின் மனேஜரே கையை உயர்த்தி, “நானா எண்ணட்டும். நான் இருவது வருசமா அவரு எண்ணித் தர்ற தேங்காதான் வாங்குறேன்” என்றார். நான் அப்போது ஒரு தினசரியின் மாவட்ட நிருபர். பத்திரிகையாளருக்கு ஆசனம் போட மறந்துவிட்டதால், நானாவின் தேங்காய்ச் சாக்கில் இடம் கிடைத்தது.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கலேவெல பத்து, பலாபத்வல எட்டு. பந்து பலாபத்வலயிடம். ஐந்து டெக்கிள் முடிந்துவிட்டது. ஆறாவதாக ஓடிய பலாபத்வலப் பையனின் ஜேர்சியை ஒருவன் பின்னாலிருந்து பிடித்தான். ஜேர்சி கழுத்திலிருந்து அடிவரை கிழிந்தது. முதுகுப் பாதியோடு பிடித்தவன் ஒரு பக்கமும், முன்பாதியோடு ஓடியவன் மறுபக்கமும் விழுந்தார்கள்.

நானா கையிலிருந்த காயைப் பார்த்தார், கிழிந்த ஜேர்சியைப் பார்த்தார், காயை ஒதுக்கிவைத்தார்.

“ஒடஞ்சது! மாத்து!”

நடுவருக்கு அந்த வாரம் முழுவதும் நானாவின் குரல்தான் சட்டம். தொடர்ந்து ஆடுமாறு கையைக் காட்டினார். அடுத்த மூச்சில் பலாபத்வல ட்ரை வைத்தது. பன்னிரண்டுக்குப் பத்து. ட்ரைக்குப் பிறகான உதை தவறியது, இறுதி விசில் ஒலித்தது, பலாபத்வல ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். மருமகன் தோள்களில் ஏறியிருந்தான்.

கலேவெல மனேஜர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீடியோவில் படம் ஆடினாலும் நானாவின் குரல் தெளிவாக இருந்தது.

“நானா, ஆறுக்கு அப்புறம் இன்னொண்ணு எங்கயிருந்து வந்துச்சு?”

“ஆறாவது ஒடஞ்சிருச்சே. மாத்துக் குடுத்தேன்.”

“ரகர்ல ஏது நானா ஒடஞ்ச டெக்கிள்? திருப்பி எண்ணுங்க.”

நான் பக்கத்தில் இருந்ததால் அந்த முகத்தைப் பார்த்தேன். சந்தைக்கு நடுவே சாரம் அவிழ்ந்தவரின் முகம் அது. நடுவரைத் திரும்பிப் பார்த்தார். நடுவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, மாத்து என்று எதுவும் இல்லை என்றார்.

“அப்ப நான் இவங்களுக்குக் கொறச்சிட்டேன்” என்றார் நானா. “கொறஞ்சத குடுக்காம வீட்டுக்குப் போக மாட்டேன். அவங்களுக்கும் மாத்துக் குடுங்க.”

மருமகன் தோள்களிலிருந்து குதித்து ஓடிவந்தான். “மாமா, சும்மா இருங்க! விசில் ஊதியாச்சு!”

“விசில் ரெஃப்ரியோட, மகன். கணக்கு என்னோட.”

ஏற்பாட்டாளர்கள் கூடிப் பேசினார்கள். கிண்ணம் கொடுக்க வந்திருந்த பிரதம அதிதிக்கு ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது. சண்டை வந்தால் இரண்டு மணி நேரம், மாத்துக் கொடுத்தால் இரண்டு நிமிடம் என்று கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். உலகத்தில் வேறெங்கும் நடந்திராத தீர்ப்பு: ஆட்டம் முடிந்த பிறகு, மைதானத்தின் நடுவிலிருந்து, கலேவெலக்கு ஒரே ஒரு டெக்கிள். விழும்வரை ஓடலாம். விழுந்தால் முடிந்தது.

கலேவெலப் பையன்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். விழவே இல்லை. ஆள் நெருங்கினால் பந்தைப் பின்னால் எறிந்தார்கள். அவனையும் நெருங்கினால் இன்னும் பின்னால். ஒரு கட்டத்தில் பந்து அவர்களுடைய கோட்டுக்கே போய், வேலிக்கு வெளியே நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரரையும் திகைக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம் நான்கானது. பிரதம அதிதி மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியில் ஏறி நின்றார். நடுவர் இடுப்பில் கை வைத்து நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டார். நானா ஒரு காயைக் கையில் பிடித்தபடி, எறியவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் வியர்த்தார்.

கடைசியில் பந்து கலேவெலயின் சின்னப் பையன் ஒருவனிடம் வந்தது. எங்கள் பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டி ஓடினான். எதிரே மிஞ்சியிருந்தது மருமகன் மட்டும். இருவரும் மோதி, எங்கள் மூலையில் ட்ரைக் கோட்டருகே விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது பந்தின் மேல் சின்னவன், சின்னவன் மேல் மருமகன்.

நடுவர் ஐம்பது மீற்றர் தூரத்திலிருந்து கைகளை விரித்தார். எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். காயை எறிந்தால் டெக்கிள், கிண்ணம் பலாபத்வலக்கு. எறியாவிட்டால் ட்ரை, கிண்ணம் பஸ் ஏறி கலேவெலக்குப் போகும்.

நானா குனிந்து, காயை மெதுவாகச் சாக்குக்குள் திருப்பி வைத்தார்.

“மாமா! எட்டலங்க மாமா!” என்றான் மருமகன், இன்னும் சின்னவன் மேல் கிடந்தபடி.

“சந்தேகமா இரிக்கி, மகன். சந்தேகம்னா வாங்குறவங்களுக்குத்தான்.”

கலேவெல பதினான்கு, பலாபத்வல பன்னிரண்டு. மனேஜர் வந்து நானாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். “இப்ப கணக்கு சரி நானா” என்றார். நானா தலையை ஆட்டினார். மருமகன் ஒரு மாதம் பேசவில்லை. மகள் ஒரு வாரம் சோறு மட்டும் அனுப்பினாள், கறி அனுப்பவில்லை. பலாபத்வலயில் பாதிப் பேர் நானா எண்ணிய தேங்காயை வாங்காமல், அந்த மாதம் சொதிக்குப் பால்மா கரைத்தார்கள்.

நான் உட்கார்ந்திருந்த சாக்கிலிருந்து அந்தக் கோடு மூன்றடி. பந்து கோட்டை எட்டாமல் ஒரு சாண் இந்தப் பக்கமே கிடந்தது. சந்தேகப்பட அங்கே எதுவும் இருக்கவில்லை. என்னைவிட அருகில் இருந்த நானாவுக்கும் அது நன்றாகத் தெரியும். அன்று மாலை பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியில் புள்ளிகளை எழுதினேன், கிழிந்த ஜேர்சியை எழுதினேன், பிரதம அதிதி நாற்காலியில் ஏறியதைக்கூட எழுதினேன். அந்தச் சாணை மட்டும் எழுதக் கை வரவில்லை.