பத்தாயிரத்து ஒன்றும் தாய்மாமன் சீர் ஆறும்

மதிப்பிற்குரிய மச்சான் உச்சிமாகாளி அவர்களுக்கு, திருவனந்தபுரம் பழவங்காடியிலிருந்து தேங்காய்க்கடை லிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை பேச்சியும் மருமகள் ஜினியும் நலம். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

ஜினிக்கு வரன் அமைந்தால் பிள்ளையாருக்குப் பத்தாயிரத்து ஒரு சிதறுகாய் என்று வேண்டியிருந்தேன். மொய்யில் ஒன்று சேர்க்கிறோமே, அந்தக் கணக்குத்தான். நூறு, ஆயிரம் மாதிரி முழு எண் பிரிந்துபோகும், ஒன்று கூடினால் பிரியாது. கரமனையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும் பெருமையாகச் சொன்னேன். “யாரும் பங்கு போட முடியாத எண். நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் பிரியாம இருக்கும்.” மாப்பிள்ளை அழகியநம்பி, காலேஜில் கணக்கு வாத்தியார். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, “அதில்லே மாமா, எழுபத்து மூணு பேர் வந்தா ஆளுக்கு நூற்று முப்பத்தேழு. மிச்சமே வராது” என்றார். அவர் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “பிரியுற எண்ணுல கல்யாணமா அண்ணாச்சி? யோசிச்சுச் சொல்றோம்.” எழுந்துவிட்டார்கள். ஜினி அன்று சாப்பிடவில்லை. அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது மச்சான், அதுதான் சங்கடம்.

சரக்கைப் பார்க்காமல் நான் எதையும் நம்புகிறவன் இல்லை. குடோனில் எழுபத்து மூன்று வரிசை போட்டேன். கடைசிக் காய் கடைசி வரிசை மூலையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இரண்டு கூட்டினேன், ஏழு பேருக்குப் பிரிந்தது. அதை நான்காக்கினேன், ஐந்து பேருக்கு. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், “அண்ணாச்சிக்கு என்ன பற்றிப் போச்சு, கிறுக்குப் பிடிச்சிட்டா?” என்று பேசிக்கொண்டார்கள். ஆறாக்கினேன், பிரிகிற மாதிரித் தெரியவில்லை. ஆனால் எத்தனை வரிசை வரை பார்ப்பது? வெட்கத்தை விட்டு மாப்பிள்ளைக்கே போன் செய்தேன். “நூறு வரை நோக்கினா மதி, போதும் மாமா. அதுக்கு மேலே வரிசை போட்டா, ஒரு வரிசையிலே நூறுக்குக் கீழேதான் காய் நிக்கும். அந்த எண்ணிலே வரிசை போட்டு முன்னாலேயே பார்த்தாச்சில்லே.” பங்காளி பெருகினால் பங்கு சிறுக்கும், இது நமக்குத் தெரிந்த வியாபாரம்தானே. நூறு வரை பார்த்துவிட்டேன், பத்தாயிரத்து ஏழு யாருக்கும் மசியவில்லை. “சிதறடிக்கப்போற காய்க்குப் பிரியாத எண் எதுக்கு?” என்று பேச்சி கேட்டாள்.

புது எண்ணைக் கரமனைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கூடுதல் ஆறும் தாய்மாமன் சீராக உங்கள் தோப்பிலிருந்து வந்தால்தான் முறை. வெள்ளிக்கிழமை குறையாமல் கொண்டு வரவும். ஒன்று குறைந்தாலும் சரிபாதியாகப் பிரிந்துவிடும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
லிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார். “யாருக்கும் பங்கு குடுக்காத எண்ணா அண்ணாச்சி? நாளைக்குப் பேரன் பேத்தி வந்து கேட்டா? பழசே இருக்கட்டும். எழுபத்து மூணு பேருக்குக் குடுக்கிற குடும்பம் நல்ல குடும்பம்தானே.” கல்யாணம் உறுதி. ஜினி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ஆறு காயையும் சட்னி அரைத்துவிடுங்கள். நீங்கள் வெறுங்கையோடு வந்தால் போதும்.