இன்ஸ்பெக்டருக்கு நான் நடத்திய பாடம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கே மனிதர் இருவர், மருத்துவர் ஒருவர், நாய் ஒன்று, ஆக நால்வரும் நலம். அங்கே தாங்களும் என் தங்கையும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பெண் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று நான்கு நாளாக யாரோடும் பேசாமல் இருக்கிறாள், மாமா சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருந்தீர்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன், அந்தப் படிப்பு வேண்டாம். ஆனால் உதாரணம் காட்டாமல் நான் வகுப்பில் எதையும் சொன்னதில்லை என்பதால், என் மகளையே எடுத்துக்கொள்வோம்.

அவள் மீட்புப் படை நாய்களுக்கு மருத்துவர். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மோப்பத்தால் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நின்று குரைப்பதுதான் அந்த நாய்களின் வேலை. அவற்றில் மூத்தது, தகரம் கிழித்து முன்னங்காலில் ஒன்பது தையலோடு கிடந்தது. கொட்டடியில் சாப்பிட மறுக்கிறது என்று அதை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அது ஒவ்வோர் அறையாகப் போய்க் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்து முறைத்தது. முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குப் பயந்தவன் நான், என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அதற்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வேறு. அது திரும்பிய பக்கமெல்லாம் ஏதாவது விழும், அப்படி விழுந்தவற்றில் பூச்சாடியும் என் மூக்குக்கண்ணாடியும் அடக்கம். "உங்க இன்ஸ்பெக்டரை ஒரு எடத்துல உக்காரச் சொல்லுங்க, இல்லன்னா நான் எங்கயாவது போயிடுறேன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அதன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

ஐந்தாவது வாரம் இன்ஸ்பெக்டருக்குத் தகுதித் தேர்வு. தேறாவிட்டால் படையிலிருந்து விலக்கிவிடுவார்கள். தேறும் என்று எழுதிக் கொடுத்தவள் என் மகள். புனலைக் கழற்றியதும் என்னிடம், "அப்பா, தினம் எங்கயாவது ஒளிஞ்சுக்குங்க. அது கண்டுபிடிச்சுக் குரைச்சா பந்தைக் குடுங்க. நடுவுல நீங்க பேசவே கூடாது" என்றாள். நானும் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் கதவருகே வந்து நின்று யோசித்தது. விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. "ம்ம், சொல்லு" என்றேன். குரைத்தது. பந்து கொடுத்தேன். மூன்று வாரம் இப்படியே பாடம் நடந்தது, மகளுக்குத் தெரியாது.

தேர்வன்று சிமெண்ட் குழாய்க் குவியலுக்குள் ஒருவர் ஒளிந்திருந்தார். இன்ஸ்பெக்டர் நேரே அவரிடம் போயிற்று, நின்றது, வாயே திறக்கவில்லை. பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு வெளியே இருந்து "ம்ம், சொல்லு" என்றேன். மைதானமே அதிரக் குரைத்தது. பயிற்சியாளர் மெதுவாக என்னிடம் வந்து, "சார், இடிஞ்ச வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் 'ம்ம், சொல்லு'ன்னு சொல்வாங்களா?" என்று கேட்டார். பத்து நாளில் மறுதேர்வு என்றார்கள்.

மறுநாள் காலை மகள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். "வாய் நிறைய வச்சுக்கிட்டு உள்ள போங்க. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது." முதல் நாள் இன்ஸ்பெக்டர் பதினொரு நிமிஷம் காத்திருந்தது. என் கன்னம் மரத்துப்போன சமயத்தில், சந்தேகத்தோடு ஒரே ஒரு குரை குரைத்தது. சந்தோஷத்தில் துப்பிவிட்டேன், மனைவியின் பட்டுப்புடவையில். ஏழாம் நாள் அலமாரிக் கதவருகே வந்த உடனேயே குரைத்தது. மறுதேர்வில் தேறியும்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பழைய கட்டடம் சரிந்தது. புதன்கிழமை மத்தியானம்தான் மகள் இன்ஸ்பெக்டரோடு வந்தாள், இமை வரைக்கும் தூசி. "பெயிண்டர் ஒருத்தரு, அப்பா. மாடிப்படிக்குக் கீழ கெடந்தாரு. கூப்பிடக் குரலே இல்ல அவருக்கு. இதுதான் நின்னு குரைச்சுது" என்றாள். தட்டைப் போடுவதற்குள் சமையலறைத் தரையிலேயே, நாயின் முதுகில் கை போட்டபடி தூங்கிவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, உடுப்பெல்லாம் நாய் முடி, வீட்டில் ஒரு பூச்சாடி மிஞ்சாது. இந்த வேலை நம் பெண்ணுக்கு வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. தங்கைக்கு என் ஆசியும், வாய் மூடியிருக்கும் மருமகளுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தைப் படித்த மகள், "இதைக் காட்டினா அவ நாளைக்கே பெட்டியோட வந்து நிப்பா" என்கிறாள். நானும் நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்தேன். கால்நடை மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பிவிட்டேன். தந்தை கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். பேனா எழுதுகிறதா என்று வேறு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போடவும். திங்கட்கிழமை கடைசி நாள்.