பத்து ஆம்பியர் பொய்

இந்தத் தடவை மச்சினன் வீட்டு பீரோவைத் தொடுவதில்லை என்று பிழைதிருத்துநர் சபதம் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது எடுத்த சபதம். வாய் நிறைய நுரை இருந்ததால் வெளியில் யாருக்கும் கேட்கவில்லை.

மச்சினனுக்கு வீடு மாற்றுவது ஒரு வியாதி. நாலு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. எந்த வீட்டுக்கும் லிஃப்ட் கிடையாது. எந்த வீடும் மூன்றாவது மாடிக்குக் கீழே கிடையாது. போன தடவை மாடிப்படித் திருப்பத்தில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பிழைதிருத்துநர் இருபது நிமிஷம் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார். "அத்தான், அசையாதீங்க!" என்று மேலிருந்து மச்சினன் கத்தினான். அசைய இடம் இருந்தால்தானே!

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. அதாவது பிழைப்பே பிழையில்தான். ஊரார் தப்புத் தப்பாக எழுதினால்தான் இவர் வீட்டில் அடுப்பெரியும். அப்படிப்பட்டவர் முதல்முறையாகத் தானே ஒரு தப்பைச் செய்யத் துணிந்தார்.

காருடன் வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்து, பதினோரு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்த மனிதர் அவர். அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் மனசில் தங்கியிருந்தது. ரிவர்ஸ் லைட்டுக்குத் தனி ஃப்யூஸ் உண்டு. சிவப்பு நிறம், பத்து ஆம்பியர், கட்டைவிரல் நகம் அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தால் கைக்கு எட்டும். இன்ஜினில் கை வைத்தால் மெக்கானிக் வந்துவிடுவார். ரிவர்ஸ் லைட் என்றால் சின்னக் கோளாறு, ஆனால் சட்டத்துக்கு விரோதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குனிந்தார், பிடுங்கினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மனைவியிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நாம போக முடியாதும்மா. ரிவர்ஸ் லைட் எரியல."

மனைவி கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அது பின்னாடி போறப்பதானே எரியணும்? நாம முன்னாடிதானே போறோம்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"சரி. எரியலைன்னு எப்படித் தெரிஞ்சுது? நேத்து ஆபீஸ்லேர்ந்து வந்ததுக்கப்புறம் காரை எடுக்கவே இல்லையே?"

பிழைதிருத்துநர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தோணிச்சு."

"தோணிச்சா?"

"ஆமா. வண்டியோட பழகப் பழக அப்படித்தான். மெக்கானிக் திங்கக்கிழமைதான் வருவார். உன் தம்பிகிட்ட சொல்லிரு, பாவம்."

"அவன் எதுக்குப் பாவம்? நாமளே பாத்துருவோம். ஒம்போதுக்குள்ள கெளம்பினா போதும்" என்று மனைவி பின்னலை முடிந்தாள்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். இரண்டு சொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு, சர்க்கரையைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களின் குட்டையெல்லாம் உடைக்கிறவள். "லேப்ல ஒரு ரிசல்ட் சரியில்லைன்னா, ஒண்ணொண்ணா சோதிச்சு விலக்கிட்டே வருவோம். கடைசியில மிஞ்சறதுதான் குத்தவாளி" என்றாள். குற்றவாளி என்ற சொல்லைக் கேட்டதும் பிழைதிருத்துநர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கார், வீட்டு முகப்பில் சுவரைப் பார்த்து நின்றது. பின்பக்கம் தெருவைப் பார்த்தது. இவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல், ரிவர்ஸ் கியர் போட்டார். மனைவி பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"இல்லீங்க."

எப்படி எரியும்? ஃப்யூஸ்தான் பையில் படுத்துத் தூங்குகிறதே! இவருக்குள் ஒரு குதூகலம்.

"பல்பைக் கழட்டுங்க" என்றாள் மனைவி. சாவியை அணைத்துவிட்டு இரண்டையும் கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளே இழை அறுந்திருக்கவில்லை. திரும்ப மாட்டினார். உள்ளே ஓடினார், கியர் போட்டார்.

"இப்ப?"

"ம்ஹூம்."

"அப்ப மெக்கானிக்தான்..."

"இருங்க. பல்புக்கு வர்ற வயர் டிக்கி வழியாத்தானே வருது? எலி கடிச்சிருந்தா?"

டிக்கியைத் திறந்தார். உள்ளே பத்து மாதக் குப்பை. கால் உடைந்த நாற்காலி, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், மூன்று மூட்டை பழைய புரூஃப் காகிதம், கம்பி மட்டும் மிஞ்சிய குடை. வயரைப் பார்க்க வேண்டுமானால் அத்தனையும் வெளியே வர வேண்டும். வந்தது. தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. வயர் பிறந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"எரியல" என்றாள் மனைவி.

அடுத்து, வயர் பின் சீட்டுக்கு அடியில் போகிறது என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னாள். சீட்டை மடித்தார். விரிப்பைப் புரட்டினார். மணி எட்டாகிவிட்டது. பிழைதிருத்துநருக்கு உடம்பெல்லாம் முள் குத்துகிற மாதிரி ஓர் அவஸ்தை. எரியாதது அவருக்குக் கவலை இல்லை. கவலை வேறு. பல்பு, வயர், இணைப்பு என்று சகலத்தையும் வரிசையாகச் சொல்லுகிறவள், ஃப்யூஸ் என்ற ஒரு வார்த்தையை மட்டும் வாயிலெடுக்கவில்லை. மறந்துவிட்டாளா? தெரியாதா? சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம். ஏன் சொல்லவில்லை என்று அதைவிடப் பெரிய பயம். உட்கார முடியவில்லை.

"கியர் பெட்டியில ஒரு சுவிட்சு இருக்காம். அதுதான் கடைசி. அடியில படுத்துப் பாத்துருங்க" என்றாள் மனைவி.

படுத்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மல்லாந்து நகர்ந்தார். மூக்குக்கு இரண்டு அங்குலம் மேலே கார். நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய். அதைத் துடைக்கக் கை வரவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலாவது காற்று வந்தது. மேலே மனைவி யாரோடோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் காதில் ஓர் எறும்பு நுழைந்தது. அந்த நிமிஷத்தில் சபதம் உடைந்தது. ஃப்யூஸைச் சத்தமில்லாமல் திரும்பச் செருகிவிட வேண்டியதுதான். கண்டுபிடித்த பெருமையாவது மிஞ்சும்.

"கை தொடைக்கத் துணி எடுத்துக்கறேன்" என்று வெளியே வந்தார். முன் சீட்டில் பாதி உடம்பை நுழைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைத் திறந்தார். பையிலிருந்து ஃப்யூஸை எடுத்தார். செருகப் போனார்.

செருக இடமில்லை.

இவர் நேற்று பிடுங்கிய இடத்தில் ஒரு ஃப்யூஸ் உட்கார்ந்திருந்தது. சிவப்பு. பத்து ஆம்பியர். மூடிக்குள் உபரி ஃப்யூஸ் வைத்திருந்த குழி காலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தொழில் புத்தி வேலை செய்தது. ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருக்கிறது. யாரோ நன்றாகவே ஒற்று வேலை பார்த்திருக்கிறார்கள்.

"என்னங்க, துணி கெடைச்சுதா?"

"கெடைச்சுது, கெடைச்சுது. நீ ஒரு தடவை உள்ள வந்து கியர் போடேன். நான் பின்னாடி நின்னு பாக்கறேன்."

மனைவி மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தாள். இவர் பின்னால் போனார். கடக்கென்று கியர் விழுந்தது. இரண்டு லைட்டும் பளீரென்று அவர் வேட்டியில் அடித்தன.

"எரியுதாங்க?" உள்ளிருந்து அவள் குரல் குழந்தை மாதிரி வந்தது.

எரிகிறது என்றால், இவ்வளவு நேரம் ஏன் எரியவில்லை என்ற கேள்வி வரும். எரியவில்லை என்றால் மறுபடி காருக்கு அடியில். பிழைதிருத்துநர் நிமிஷ நேரம் தவித்தார். கடைசியில் பழக்கமான பக்கமே சாய்ந்தார்.

"எரியல!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார் ஒருவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று விளக்கு பார்த்த கண்.

"என்ன சார் சொல்றீங்க? ரெண்டும் ஜோரா எரியுது! காலையிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் எரியுதே! அம்மாகிட்டகூட சொன்னேன். ஒண்ணும் பேசாதீங்கன்னு சைகை காட்டினாங்க!"

மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள். இவர் உள்ளங்கையில் இருந்த சிவப்பு ஃப்யூஸைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றார் மெல்ல.

"நேத்து சாயங்காலமே. வண்டிக்குள்ள குனிஞ்சிருந்துட்டு நிமிந்தீங்க. காது ரெண்டும் செவந்திருந்துது. தப்பு பண்ணினா உங்களுக்கு அங்கதான் செவக்கும். நீங்க உள்ள போனதும் மூடியைத் தெறந்து பாத்தேன்."

"அப்ப ரெண்டு மணி நேரமா என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினே?"

"டிக்கியைக் காலி பண்ணுங்கன்னு பத்து மாசமா கேக்கறேன். இன்னிக்கு ஒரு வார்த்தை கேக்காமலே பண்ணிட்டீங்க. பின் சீட்டும் மடிச்சாச்சு. பாத்திரப் பெட்டியெல்லாம் தாராளமாப் போகும்."

பிழைதிருத்துநர் மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "வர்றேன். ஆனா அந்த பீரோவை மட்டும் தொட மாட்டேன். என் முதுகுதான் எனக்கு."

"உங்களை யாருங்க தொடச் சொன்னது? வேன்காரங்களே நாலு பேர் தூக்கறாங்க. போன தடவை நீங்க பட்ட கஷ்டத்தைப் பாத்துட்டு தம்பி அப்பவே முடிவு பண்ணிட்டான். அதைச் சொல்லலாம்னுதான் நேத்து உங்களைத் தேடிட்டு கார்கிட்ட வந்தேன்."

அவர் வாய் திறந்தது. மூட மறந்துவிட்டது. பொய் வேண்டியிருக்கவில்லை. ஃப்யூஸ் வேண்டியிருக்கவில்லை. எறும்புகூட வேண்டியிருக்கவில்லை.

"அப்ப... அங்க எனக்கு வேலையே இல்லையா?" என்றார், நம்ப முடியாத சந்தோஷத்தில்.

"இல்லாமத்தான் இருந்துது" என்று மனைவி காரின் பின்கதவைச் சாத்தினாள். "கட்டில், மேசை, அலமாரியெல்லாம் பிரிச்சு மாட்ட ஒரு தச்சர் வர்றதா இருந்தார். எங்க வீட்டுக்காரர் காரையே பிரிச்சு மாட்டறார், நீங்க வர வேண்டாம்னு, நீங்க அடியில படுத்திருந்தப்பதான் போன் பண்ணிச் சொன்னேன்."