மூன்று பொட்டலத்திலும் மஞ்சள் பூ

புக்கிட் பெலிம்பிங்,
கோலா சிலாங்கூர்.
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வள்ளியம்மாவைக் கட்டிய நாளிலிருந்து உங்கள் யோசனைகளைத் தட்டாமல் கேட்டுவரும் உடையப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான், வள்ளியம்மா, மகள் லோகேஸ்வரி மூவரும் மாரியம்மன் தயவில் சௌக்கியம். அங்கு சுங்கை சோவில் நீங்களும் ரமணி அக்காவும் கைக்குழந்தைப் பேரனும் சௌக்கியமாக இருக்கவும், கட்டுகிற புது வீடு கூரை ஒழுகாமல் முடியவும் அதே மாரியம்மனை வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் அனுப்பினால் அக்கா கண்ணில் படும். அக்கா கண்ணில் பட்டால் சுங்கை சோவில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. அதனால் இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

போன மாதம் ராவாங் கல்யாணத்தில் நீங்கள் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தது நினைவிருக்கும். லோகேஸ்வரி வேலை பார்த்த தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது, இனிமேல் பெட்டி கட்டும் வேலை வேண்டாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் படிக்கிறேன் என்கிறாள், மார்க்கெட் பக்கம் தஸ்கா என்கிற குழந்தைகள் காப்பகம் நடத்தும் குமுதா, பயிற்சியில் சேர்ந்தால் படிக்கும்போதே வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்று நான் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். நீங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “எந்த நிலை?” என்று கேட்டீர்கள். நிலை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “ஒன்னு, ரெண்டு, மூணுன்னு இருக்கு மச்சான். ஒன்னுன்னா பிள்ளைக்குக் கழுவி விடுற வேலை. நேரா மூணுல போடு லா. தஸ்காவையே அவ நடத்தலாம்,” என்றீர்கள். பந்தியில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் பாயசம் இருந்த தைரியத்தில் நானும், “மூணுலதான் போட்டாச்சு,” என்று சொல்லிவிட்டேன். மச்சான், போடவில்லை. அன்றைக்கு எங்களுக்குப் பயிற்சி நிலையத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் புத்தி தோட்டத்துப் புத்தி. ஒன்று என்றால் வெளிக்காட்டு வேலை, இரண்டு என்றால் ஆள்களை மேய்க்கும் மண்டோர், மூன்று என்றால் கணக்கு எழுதும் கிராணி. நான் மண்டோராகவே இருந்து மண்டோராகவே ஓய்வு பெற்றவன். கிராணியின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று ஆள் கணக்குச் சொல்லியே என் காலம் போனது. உள்ளே ஃபேன் சுற்றும், சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். என் மகள் அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. மகளோ, “அப்பா, எனக்குக் கைப்பிள்ளையத் தூக்கவே தெரியாது. ஒன்னுலேருந்து போறேனே,” என்கிறாள். தெரியாததில் வியப்பில்லை; ஒற்றைப் பிள்ளை, எங்கள் வீட்டில் அவளே கடைசிக் குழந்தை. வள்ளியம்மா, “படிக்கப் போறவ அவ. நீங்க ஏன் குதிக்கிறீங்க?” என்கிறாள். நான் ஏன் குதிக்கிறேன் என்பதை உங்கள் தங்கையிடம் சொல்ல முடியுமா? பந்தியில் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது.

சண்டை வேண்டாம், அம்மன் சொல்லட்டும் என்று முடிவானது. பழைய தோட்டத்துக் கோயிலில் பூப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமோ வீடு மாறுவதோ, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். நமக்கு நிலை மூன்று என்பதால் மஞ்சளையும் சேர்த்தோம். வெள்ளை வந்தால் ஒன்று, சிவப்பு வந்தால் இரண்டு, மஞ்சள் வந்தால் மூன்று. பொட்டலம் கட்டும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். உங்களிடம் மறைப்பானேன், மூன்று பொட்டலத்திலும் மஞ்சள் சாமந்தியையே வைத்துக் கட்டினேன். அம்மனுக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

பூசாரி அப்பளசாமி தீபம் காட்டிவிட்டுத் தன் பேத்தியைக் கூப்பிட்டு, “ஒன்னே ஒன்னு எடு தாயி,” என்றார். அவளுக்கு மூன்று வயதுகூட இருக்காது. ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தோம். மஞ்சள். நான் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதிக நேரம் போட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அந்தக் குழந்தை, உள்ளே மிட்டாய் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, மற்ற இரண்டையும் எடுத்து, அவசரமே இல்லாமல் பிரித்து, பூவைத் தரையில் கொட்டிவிட்டாள். நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அம்மா இன்னிக்கி ரொம்ப உறுதியா இருக்கா போல,” என்றார் அப்பளசாமி. வள்ளியம்மா அந்தப் பூக்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக என் கையில் வைத்தாள். அவள் அப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று கூடப் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோகேஸ்வரிதான் சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் உடையப்பன் இல்லையே. மறுநாள் பயிற்சி நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். கோலா சிலாங்கூரில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருக்கிறது. நடத்துபவர் புனிதவதி டீச்சர். உட்கார்ந்ததும், “மூணாம் நிலைதான் வேணும் டீச்சர். அம்மன் உத்தரவு,” என்றேன். லோகேஸ்வரி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். டீச்சர் பொறுமைசாலி. “ஐயா, எங்க சென்டர்ல ஒன்னுன்னா பிள்ளைக்குப் பால் குடுக்கிறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது. ரெண்டுல ஒரு குழுவையே தனியாப் பாத்துக்கணும். மூணுல மத்தவங்க செய்யிற வேலைய மேற்பார்வை பண்ணணும். செஞ்சு பாக்காம எப்படிங்க மேற்பார்வை பண்றது? தங்கச்சி முன்னாடி பிள்ளைங்களப் பாத்துக்கிட்டிருக்காங்களா?” என்றார். “தெருப் பிள்ளைங்க பூரா இவகிட்டதான் ஒட்டிக்கும்,” என்றேன். உண்மையில் போகிற வழியில் கையசைப்பாள், அவ்வளவுதான்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையை எடுத்து மேசையில் வைத்தார். நிஜக் கைக்குழந்தையின் கனம் இருக்குமாம். “தூக்குங்கமா,” என்றார். லோகேஸ்வரி அதைச் சமையல் கேஸ் அடைத்த இரும்புத் தோங்கைத் தூக்குவதுபோல் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினாள். பொம்மையின் தலை ‘டொக்’ என்று பின்னால் விழுந்தது. டீச்சர் கோபிக்கவில்லை. “கழுத்து,” என்று மட்டும் சொன்னார். லோகேஸ்வரி பொம்மையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, இது நெசப் பிள்ளையா இருந்தா?” என்றாள். கிராணி தப்பாக எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். பிள்ளையின் கழுத்து விஷயத்தில் அது நடக்காது என்று எனக்கே புரிந்தது. ஒன்றாம் நிலைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆகவே மச்சான், நான் கேட்க வந்தது இதுதான். உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு அந்தப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் வருவார்கள். யாராவது கேட்டால் லோகேஸ்வரி மூன்றாம் நிலை என்றே சொல்லுங்கள். நானும் அதையே சொல்கிறேன். அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடாமல் இருக்க, அன்று முழுதும் சமையல் பக்கம் வேலை கொடுத்து நிறுத்திவிடுகிறேன். இந்த ஒரு உதவியைச் செய்துவிட்டால் இனி நீங்கள் சொல்லும் எந்த யோசனைக்கும் நான் குறுக்கே பேசுவதில்லை. ரமணி அக்காவுக்கு என் வணக்கம். பேரனுக்கு என் முத்தம். புது வீட்டில் பால் பொங்குவதுபோல் உங்கள் குடும்பம் பொங்கிச் செழிக்க அம்மன் துணையிருப்பாள். என்மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தை உங்கள்மேல் காட்டமாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
உடையப்பன்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை. தபால்தலை வாங்க மறந்து கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் மேலே எழுதியதில் ஒன்றும் இப்போது செல்லாது. புதன்கிழமை புனிதவதி டீச்சர் போன் செய்தார். ஒன்றாம் நிலைக்கு ஆள் போதவில்லை, இன்னும் ஒருவர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார். இந்த வட்டாரத்துத் தகப்பன்மார் எல்லாரும் என்னைப்போலவே மூன்று வேண்டும் என்று கேட்டு, கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போய்விட்டார்களாம். குமுதாவோ அடுத்த வருடம்வரை வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார். அப்போது லோகேஸ்வரி, “சரி விடுங்கப்பா, மூணுக்கே கெஞ்சிப் பாப்போம். எப்படியாவது சமாளிக்கிறேன்,” என்றாள். நான் ஒரு மாதமாகச் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். ஆனால் அதை அவள் வாயால், அந்த முகத்தோடு கேட்கும்போது அந்த ‘டொக்’ சத்தம்தான் காதில் விழுந்தது. “வேண்டாம்மா,” என்றேன். வள்ளியம்மாவைச் சேர்க்கலாம் என்றால் அவளுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது. டீச்சரிடம் போனில், “வயசுக் கட்டுப்பாடு ஏதும் இருக்கா?” என்று கேட்டேன். “எங்க சென்டர்ல இல்லைங்க. யாருக்கு?” என்றார்.

ஆமாம் மச்சான், எனக்குத்தான். நேற்று முதல் வகுப்பு. எல்லாம் பெண் பிள்ளைகள், நடுவில் நான். லோகேஸ்வரி பொம்மையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்து அழகாகக் குளிப்பாட்டினாள். நான் குளிப்பாட்டியதைப் பார்த்த டீச்சர், “ஐயா, பிள்ளை தண்ணிக்குள்ள இருக்கு,” என்றார். எல்லாரும் சிரித்து முடித்ததும் மகள் எழுந்து, “இவங்க எங்க அப்பா. எனக்காகத்தான் சேந்திருக்காங்க. யாரும் சிரிக்கக்கூடாது,” என்று சொல்லிவிட்டு, அவளே முதலில் சிரித்தாள். வகுப்பறையிலும் ஃபேன் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. நேராக என் தலைக்கு மேலேயே சுற்றியது.

ஆகவே விழாவுக்கு வந்ததும் உங்கள் பேரனைக் கொஞ்ச நேரம் என் கையில் கொடுங்கள், பழக வேண்டும். தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். மகளைச் சமையல் பக்கம் நிறுத்தப்போவதில்லை, உங்கள் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன். யாராவது கேட்டால் ஒன்றாம் நிலை என்றே சொல்லுங்கள். இரண்டு பேர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.