மாமனாரின் அறுபதாம் கல்யாணக் கேசட்

டிவியில் ஒரு செருப்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு செருப்பு. அப்புறம் மண்டபத்துத் தரை, ஒரு வாழைப்பழத் தோல், மறுபடியும் தரை.

கல்யாணராமன் கேமராவையும் டிவியையும் இணைத்த வயரைத் தட்டிப் பார்த்தார். தரைதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாமனாரின் அறுபதாம் கல்யாணம் எங்கே போயிற்று? ஓமம் எங்கே, மாலை எங்கே, கலச அபிஷேகம் எங்கே?

பதிலுக்கு டிவிக்குள்ளிருந்து அவருடைய குரலே பேசியது.

"நல்லசிவம், பாத்தீரா? இத்தனை குடம் தண்ணி கொட்டறா, எங்க மாமனார் மூஞ்சி மட்டும் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரியே இருக்கு!"

தொடர்ந்து ஆபீஸ் நண்பர் நல்லசிவத்தின் கெக்கெக்கே சிரிப்பு. மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, கேமராவைக் கையில் தொங்கவிட்டபடி சொன்னது. கல்யாணராமன் பாய்ந்து டிவியை அணைத்தார். நல்ல வேளை, மனைவி ஜெயலக்ஷ்மி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். பொத்தானை அமுக்கினால் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு என்றால் நிற்கிறது என்று கல்யாணராமன் அர்த்தம் பண்ணிக்கொண்டார். தினமும் லஸ் கார்னர் சிக்னலில் ஸ்கூட்டரோடு நிற்கிற மனுஷன் வேறென்ன நினைப்பார்? அதனால் விளக்கை அணைத்துவிட்டுச் சடங்கையெல்லாம் 'எடுத்தார்'. எடுத்து முடித்ததும் விளக்கை எரியவிட்டு ஊர்வம்பு பேசினார்.

கேமராவைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் ராகவேந்திரனுக்கு ஆறு மாதம் கடிதம் எழுதி, கையடக்கமா, தோளில் வைப்பதா, எத்தனை மடங்கு ஜூம் என்று அலசித் தள்ளி வரவழைத்தது. அந்தத் தெம்பில்தான் மாமனார் ராஜகோபாலன் வீடியோக்காரரை ஏற்பாடு செய்கிறேன் என்றபோது, "வெளி ஆள் எதுக்கு மாமா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே" என்று தடுத்தார். ராஜகோபாலன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவரை ஒரு பார்வை பார்த்து, "சரி மாப்பிள்ளை" என்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் தலை குனியாமல் பத்து வருஷம் ஓட்டியாகிவிட்டது. இப்போது இந்தச் செருப்பு வந்து மானத்தை வாங்கப் பார்க்கிறது.

அன்று சாயங்காலமே ராஜகோபாலன், நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு, காபிக்கு வந்தார்.

"கேசட் எப்போ பாக்கலாம் மாப்பிள்ளை?"

"இது குட்டி கேசட் மாமா. பெரிய கேசட்டுக்கு மாத்தணும். கொஞ்ச நாள் ஆகும்."

ராஜகோபாலன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "ராயப்பேட்டைல மெஹபூப் பாஷான்னு ஒருத்தர். அவர்கிட்டயே கொடுங்கோ, வேற எங்கேயும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நம்மாத்துல போட்டுடலாம். அடையாறு அத்தையையும் வரச் சொல்லிடறேன்."

மறுநாள் கல்யாணராமன் புதுக் கதை கட்டினார். "அமெரிக்கக் கேமரா இல்லையா மாமா, நம்மூர் டெக்குல போட்டா கலர் வராதாம்."

"அவ்வளவுதானே? டாக்டர் வீட்டுல எல்லா தேசத்துக் கேசட்டும் ஓடற டெக் இருக்கு. கேட்டு வாங்கிண்டு வரேன். டெக்கை வாங்கிட்டு அவாளைக் கூப்பிடாம இருக்க முடியுமா? அவாத்துல அஞ்சு பேர்."

வெள்ளிக்கிழமை கல்யாணராமன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "கடல் காத்து பாருங்கோ மாமா. கேசட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கு."

"அடடா! அப்போ ஞாயிறு வரைக்கும் தாங்காதே. நாளைக்கே போட்டுடுவோம். மாம்பலம் சித்தப்பாவுக்கும், ஓமம் பண்ணி வெச்ச வாத்தியாருக்கும் இப்பவே போன் பண்ணிடறேன்."

அதற்குமேல் வாயைத் திறந்தால் சனிக்கிழமை வெள்ளிக்கிழமையாகிவிடும் என்று கல்யாணராமன் கப்சிப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ராயப்பேட்டைக் கடையில் மெஹபூப் பாஷா கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பின்னால் அலமாரி நிறைய கேசட்டுகள், பிளாஸ்டிக் உறையில் புத்தகம்போல நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் பேரும் தேதியும்.

"இன்னா சார் நீங்க, சிவப்பு லைட்டு எரிஞ்சாதான் ஓடுதுன்னு அர்த்தம்."

"இப்போ தெரியறது பாய். நீங்கதான் காப்பாத்தணும். உங்ககிட்ட வேற யாரோட அறுபதாம் கல்யாணக் கேசட்டாவது இருக்குமா? தூரத்துலேர்ந்து எடுத்ததா, ஓமப் புகையா இருந்தா தேவலை. வெச்சு ஒப்பேத்திடுவேன்."

பாஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நீட்டிய துண்டுக் காகிதத்தையும் பார்த்தார். ஏதோ சிரிப்பை அடக்குவதுபோல மீசையைத் தடவிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தார்.

"இத்த எடுத்துக்கினு போங்க. போன மாசம் நானே எடுத்தது. உங்க மண்டபம்தான், உங்க வாத்தியாருதான்."

"மூஞ்சி தெரியுமா?"

"பளிச்சுனு தெரியும். ஆனா இது நம்ம வூட்டு விசேஷம் இல்லைன்னு ஒருத்தர்கூட சொல்ல மாட்டாங்க. அதுக்கு நான் கேரண்டி."

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"கரண்ட் இல்ல சார். எப்ப வரும்னு கரண்ட்காரனுக்கே தெரியாது."

மணி மூன்றரை. ஐந்து மணிக்கு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். வேறு வழி? கல்யாணராமன் கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

ராஜகோபாலன் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. கல்யாணராமன் கேசட்டை டெக்கில் தள்ளிப் பொத்தானை அமுக்கினார். திரையில் வெளிச்சம் வருவதற்குள், "நான் தேங்காய் துருவறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினார்.

"என்னன்னா, உடம்பு சரியில்லையா?" என்றாள் ஜெயலக்ஷ்மி. பத்து வருஷத்தில் அவர் தேங்காயைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

"நீ போய்ப் பாரு. நிம்மதியா பாரு."

அவர் துருவ ஆரம்பித்தார். யாராவது ஒருத்தர் 'இது யார்?' என்று கேட்டால் போதும், குடும்பமே அடுக்களைக்கு வந்துவிடும்.

"அதோ நான்! அரக்குப் புடவை!" என்று கூவினாள் அடையாறு அத்தை.

கல்யாணராமனுக்கு மூச்சு வந்தது. மயிலாப்பூர் விசேஷத்தில் அரக்குப் புடவை கட்டாத மாமி யார்? பேஷ், பாஷா!

"ஹே, நான் ரெண்டாவது ஜாங்கிரி கேக்கறதைக்கூட எடுத்திருக்காரே!" என்றார் மாம்பலம் சித்தப்பா.

எந்தப் பந்தியில்தான் அப்படி ஒருத்தர் இல்லை? கல்யாணராமன் இரண்டாவது மூடியை எடுத்துக்கொண்டார். மனுஷாளுக்குத் தன்னைப் பார்க்கிற ஆசைதான் எவ்வளவு! வாத்தியார் தன் மந்திரம் ஸ்பஷ்டமாக விழுந்திருப்பதாகச் சொன்னார். மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தாலி கட்டறச்சே இவர் கண்ணுல ஜலம் பாரேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் கல்யாணராமனுக்குச் சுருக்கென்றது. யார் வீட்டுக் கண்ணீரோ! பாவம், அதைப் பார்த்து மாமியார் அழுகிறாளே. நாளைக்குக் காலையில் மாமனாரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வெளக்கெண்ணெய் சமாசாரத்தை மட்டும் சொல்ல வேண்டாம். அது இருக்கும் கேசட்தான் தன் பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறதே.

அப்போது ஏழு வயது மகள் அனன்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, சீக்கிரம் வா, டிவில நீ வரே! உன்னை நம்பாம தாத்தா பாஷா மாமாவையும் தூணுக்குப் பின்னாடி நின்னு எடுக்கச் சொன்னாராம், இப்பதான் எல்லார்கிட்டயும் சொன்னார். நீ அந்தத் தூண்ல சாஞ்சுண்டு நல்லசிவம் மாமாகிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கறே, சரியாவே கேக்கலை. தாத்தா திருப்பிப் போட்டு, சவுண்டைக் கூட்டி வைக்கச் சொல்றார்!"