டீக்கன் வயிற்றில் சிவப்பு

"குதிரை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றாள் போனில் அகஸ்டா பிரூயிட்.

வெர்லின் ஸ்டாம்பர் தன் டேப்லெட்டைப் பார்த்தான். மூன்று வாரமாக அவன் வரைந்த கருங்குதிரை டீக்கன் அதில் நின்றுகொண்டிருந்தது. கால் நாலும் சரியாக இருந்தன. காது இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

"என்ன குறைம்மா?"

"மினுமினுப்பு எங்கப்பா? நான் என் டீக்கனைப் பார்த்தே லிப்ஸ்டிக் போட்டுக்குவேன். நீ வரைஞ்சதைப் பார்த்தா பல்லு விளக்கக் கரி எடுக்கலாமான்னு தோணுது."

கெண்டக்கியில் ஒருவன் மனைவியை அழகில்லை என்று சொல்லிவிட்டுக்கூடத் தப்பித்துவிடலாம். குதிரையைச் சொன்னால் பேரன் காலம் வரை பகை. குதிரையை மங்கலாக வரைவதும் சொல்வதில் சேர்த்திதான்.

அவன் தீவன மில்லில் மூட்டைகளுக்குப் படம் போடுகிறவன். மூட்டைக் குதிரைக்கு மினுமினுப்பு வேண்டியதில்லை. மூட்டையைத் தூக்குகிறவன் இடுப்பு பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று பார்ப்பானே தவிர, குதிரையின் தோலையா பார்ப்பான்? உயிருள்ள குதிரையை, பெயரோடும் வம்சாவளியோடும் வரைய அவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. சனிக்கிழமை பிரூயிட் பண்ணையில் விருந்து. சுற்று வட்டாரத்துக் குதிரைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் படத்தைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் ஆளுக்கொரு படம் கேட்பார்கள், மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் சாகும் வரை மூட்டைதான்.

"அந்த ஜாக்கெட்டையாவது கழட்டிட்டு உக்காரேன்" என்றாள் அவன் மனைவி லொரெட்டா.

"இது ராசியான ஜாக்கெட்டு. இதைப் போட்டுக்கிட்டுப் போன அன்னிக்கெல்லாம் நம்ம டீம் ஜெயிச்சிருக்கு."

"ராசிதான். நேத்து நீ பள்ளிக்கூட வாசல்ல சும்மா நின்னதுக்கே நாலு கார்க்காரன் பிரேக் போட்டுட்டான்."

வெர்லின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மினுமினுப்புதானே வேண்டும்? வெள்ளையை எடுத்து டீக்கனின் முதுகிலும் புட்டத்திலும் தாராளமாகத் தீற்றி அனுப்பினான்.

"மாவு மில்லுக்குள்ள புகுந்துட்டு வந்தானா?" என்றாள் அகஸ்டா.

வெள்ளையைக் குறைத்து, ஓரங்களை இழைத்து, உடம்பு முழுக்கப் பரப்பினான்.

"குளத்துல முங்கிட்டு நிக்கிறான். சளி புடிக்கப் போகுது, துடைச்சு விடு."

ஓரங்களைக் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக்கினான்.

"இப்ப பிளாஸ்டிக் பொம்மை. வால்ல விலைச் சீட்டு கட்டுறதுதான் பாக்கி. தம்பி, நீ குதிரையைக் கிட்ட நின்னு பார்த்திருக்கியா, இல்ல மூட்டையில பார்த்ததோட சரியா?"

வெர்லினுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் எடுத்த போட்டோக்களை மறுபடியும் திறந்தான். அகஸ்டா வழக்கம்போல லூயிவில்லில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தவை. குதிரையைப் பராமரிக்கும் யூசேபியோ கயிற்றைப் பிடித்துக்கொள்ள, வெர்லின் டீக்கனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதை வாங்காத குறையாக எடுத்திருந்தான். கீழேயிருந்து எடுத்தால்தான் கம்பீரம் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

போட்டோவைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த உடம்பில் வெள்ளை என்று ஒரு பொட்டுகூட இல்லை. முதுகின் பளபளப்பு நீலம், அது மேலேயிருந்த வானம். தொடைக்கு உள்பக்கம் வைக்கோல் மஞ்சள், அது தரையில் சிதறிக் கிடந்தது. டீக்கனுக்கு என்று சொந்தமாக மினுமினுப்பே கிடையாது. சுற்றி இருப்பதையெல்லாம் வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். முன்னங்காலுக்குப் பின்னால், வயிற்றில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகவும் ஒரு மினுக்கல் இருந்தது. அது எதனுடையது என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. போட்டோவில் இருக்கிறது, அதனால் வரைந்தான். எல்லா நிறத்தையும் கொஞ்சம் தூக்கலாகவும் ஆக்கினான்.

காபி கொண்டுவந்த லொரெட்டா அப்படியே நின்றாள். "ஏய், இது மூச்சு விடுது!"

அகஸ்டாவிடமிருந்து வந்த போனில் முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இதுதாம்பா என் டீக்கன். இவன்தான்."

வெர்லின் அந்த இடத்தில் போனை வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அகஸ்டா சும்மா ஒரு பேச்சுக்கு, "ஆமா, வயித்துல எதுக்கு அந்தச் சிவப்பு?" என்று கேட்கப்போக, அவனுக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார்.

"அதுலதாம்மா சூட்சுமமே இருக்கு! நல்லாத் தேய்ச்ச குதிரை கண்ணாடி மாதிரி. பக்கத்துல எது இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"யாருக்கும்மா தெரியும்? செவப்பா ஏதோ. வண்டி கிண்டி நின்னிருக்கும்."

"எங்க வீட்டுல செவப்பு வண்டி கிடையாதே."

"அப்ப யாராவது வந்திருப்பாங்க" என்றான் வெர்லின், உதவியாக.

மறுமுனையில் பட்டென்று போன் வைக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சிவப்பு வண்டி ஒன்றே ஒன்றுதான். அது மேபெல் கூம்ஸ் என்ற விதவையின் பிக்கப். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு நடன விழாவில் அகஸ்டாவின் கணவர் ஹார்லன் அந்த மேபெலோடு இரண்டு தடவை ஆடினார். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அகஸ்டா அதை மறக்கவில்லை.

அரை மணியில் ஹார்லனே கூப்பிட்டார். சேணம் வைக்கும் அறைக்குள்ளிருந்து பேசுகிறார் போலிருந்தது, குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"தம்பி, அந்தச் செவப்பை அழிச்சிடு."

"ஏன் சார்?"

"அன்னிக்கு மேபெல் வண்டி அங்க நிக்கவேயில்ல. அதனால அழிச்சிடு."

"நான் மேபெல்னு சொல்லவேயில்லையே சார்."

ஹார்லன் குரலை இன்னும் தாழ்த்தி, "அழிச்சிடு ராசா" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். ஆனால் பெரிய மனுஷர் ராசா என்று கூப்பிட்ட பிறகு வெர்லினால் தட்ட முடியவில்லை. சிவப்பை அழித்துக் கறுப்பைத் தடவி அனுப்பினான்.

"யாரு அழிக்கச் சொன்னா?" என்றாள் அகஸ்டா.

"யாரும் சொல்லலம்மா. எனக்கே உறுத்துச்சு."

"உனக்கு எதுக்கு உறுத்தணும்? நீயா மேபெலோட ஆடினே?"

பயத்தில் அதே இடத்தில் பச்சையைப் போட்டான். புல்லின் பிரதிபலிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அங்க ஏதுப்பா புல்லு? லாயத்து வாசல் பூரா ஜல்லி."

ஜல்லிக்கு ஏற்ற சாம்பலைப் போட்டான். டீக்கன் வயிற்றில் பூசணம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அகஸ்டா தீர்மானமாகச் சொன்னாள்: "பழைய செவப்பையே போடு. போட்டோவுல இருக்கிறதை விட ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடிஞ்சா நம்பர் பிளேட்டு தெரியுதான்னு பாரு."

"அம்மா, அது குதிரைம்மா. போலீஸ் கேமரா இல்ல."

"நீதானே கண்ணாடின்னே? வெள்ளிக்கிழமை காலையில படத்தோட பண்ணைக்கு வா. அது வரைக்கும் விருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

லொரெட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "மினுமினுப்புதானே கேட்டாங்க? நீ ஏன் அவங்க குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறே?"

"நானா பிரிச்சேன்? போட்டோவுல இருந்துச்சு!"

"மூட்டைக் குதிரை இப்படியெல்லாம் வம்பு பண்ணிச்சா?"

இரண்டு நாள் தூக்கமில்லை. நாற்பது வருஷ தாம்பத்தியம் தன் தூரிகையால் முறிந்தது என்று ஊர் பேசும். அதற்கப்புறம் யார் அவனிடம் குதிரையைக் காட்டுவார்கள்? நாய்க்குட்டியைக்கூடக் காட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை, ராசி எவ்வளவு இருந்தாலும் போதாது என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

லாயத்து வாசலில் நல்ல வெயில். டீக்கனை நடுவில் நிறுத்தி யூசேபியோ தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அகஸ்டா, மறுபக்கம் ஹார்லன். வெர்லின் படத்தைக் கொடுத்துவிட்டு வேலி ஓரமாகப் போய் ஒதுங்கிக்கொண்டான்.

அகஸ்டா டேப்லெட்டைக் குதிரையின் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஹார்லன், இதைப் பாரு. நீலம் வானம். மஞ்சள் வைக்கோல். இந்தச் செவப்பு என்ன?"

"கஸ்ஸி, வெயில்ல கண்ணு கூசுது" என்று மனைவியைச் செல்லப் பெயரில் கூப்பிட்டார் ஹார்லன்.

"படத்துல எங்க வெயில் அடிக்குது? இது என்னன்னு கேட்டேன்."

"ஏதாவது... செவப்பா..."

"இந்த வீட்டுல செவப்பா எதுவும் கிடையாது. தக்காளிகூட உனக்கு ஆகாதுன்னு நான் வாங்குறதில்ல. நாற்பது வருஷம் உன்னோட குப்பை கொட்டியிருக்கேன். எதுவா இருந்தாலும் உன் வாயால சொல்லிடு, நான் தாங்கிக்குவேன்." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

யூசேபியோ குனிந்த தலை நிமிராமல் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லன் குதிரையைப் பார்த்தார். குதிரையும் அவரைப் பார்த்தது. அதில் என்ன கண்டாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"வந்தா கஸ்ஸி. மேபெல் வந்தா. செவ்வாய்க்கிழமை தவறாம வருவா."

"எதுக்கு?"

"போர்பன் உருண்டை கொண்டு வருவா."

"என்னது?"

"விஸ்கியில பெக்கன் கொட்டையை ஊறப் போட்டு, சர்க்கரையில உருட்டி, மேல சாக்லேட்டு முக்கி... ஒரு டப்பா. உக்காந்து சாப்பிட்டுட்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடுவேன். அவ்வளவுதான் கஸ்ஸி, சத்தியமா அவ்வளவுதான். நீ காலையில ஓட்ஸு, ராத்திரி ஓட்ஸுன்னு போடுறே. டீக்கனுக்காவது நடுவுல ஒரு கேரட்டு கிடைக்குது."

அகஸ்டா டேப்லெட்டைத் தாழ்த்தினாள். வாழ்க்கையே போய்விட்டது என்று நினைத்தவளுக்கு அது திரும்பக் கிடைத்த நிம்மதி ஒரு நொடி முகத்தில் வந்து போனது. அடுத்த நொடி தான் தேவாலய மதுவிலக்குச் சங்கத் தலைவி என்பது நினைவுக்கு வந்தது.

"சர்க்கரையும் சாராயமும் ஒரே உருண்டையிலயா! நீ ஓட்ஸா சாப்பிட்டும் சர்க்கரை ஏன் ஏறுதுன்னு டாக்டர் மண்டையைப் பிச்சுக்கிட்டு நிக்கிறார். நான் ராத்திரி பூரா உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்! யூசேபியோ, உனக்குத் தெரியுமா இது?"

"அவனுக்கும் ரெண்டு உருண்டை கொடுத்துத்தான் வாயை அடைச்சு வச்சிருந்தேன்" என்றார் ஹார்லன். ஒரு தடவை உண்மை பேச ஆரம்பித்த மனிதரை நிறுத்துவது கஷ்டம். "போன கிறிஸ்துமஸுக்கு உன் தங்கச்சி கொடுத்தனுப்பின கேக்கையும் நாய் தின்னல, நான்தான்."

"போதும்!" என்றாள் அகஸ்டா. பிறகு வெர்லின் பக்கம் திரும்பி விறுவிறுவென்று வந்தாள். அவன் வேலியோடு ஒட்டிக்கொண்டான். அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"தம்பி, நீ மட்டும் இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இந்தப் படம் வரவேற்பறைக்குக் கிடையாது. சாப்பாட்டு மேசைக்கு நேரா, இவர் உக்காரும் இடத்துக்கு எதிர்ல மாட்டப் போறேன். அந்தச் செவப்புல மட்டும் கை வைக்காதே. நாளைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன், வரைஞ்சா உன்னை மாதிரி உள்ளது உள்ளபடி வரையணும்னு." சொல்லிவிட்டு டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மேபெலுக்குப் போன் போட என்பது நடையிலேயே தெரிந்தது.

வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. இனி மூட்டை இல்லை! நன்றி சொல்ல வேறு யாரும் இல்லாததால் டீக்கனிடமே போனான். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆசையாக அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான். ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி, இனி வரப்போகும் செவ்வாய்க்கிழமைகளை நினைத்து நின்றுகொண்டிருந்தார்.

யூசேபியோ அப்போதுதான் தலையை நிமிர்த்தி, டீக்கனின் வயிற்றையும் வெர்லினையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே, அன்னிக்கும் இப்படித்தான் உங்க ஜாக்கெட்டு செவப்பு குதிரை வயித்துல அடிச்சுச்சு. மேபெல் அம்மா வண்டியை எப்பவும் பின்கட்டுலதானே நிறுத்துவாங்க?"