ரிஜெக்டும் ஆறு நாற்பது பஸ்ஸும்

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபத்தெட்டு மணி, நல்ல பனி. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, ஊரே 'ரிஜெக்ட்' என்று கூப்பிடும் பெரியவர் அரசாங்கத்தையே ரிஜெக்ட் செய்தார்.

முப்பத்தோரு வருஷம் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் தோல் செக்கிங் பார்த்தவர். குறை உள்ள இடத்தில் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போடுவது வேலை. ரிடையர் ஆன பிறகும் பேனா சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்கு வட்டம் போட்டிருக்கிறார். என் புது வீட்டுச் சுவரில் ஏழு வட்டம், எண்ணியிருக்கிறேன். அவர் எதையும் பாஸ் செய்து உலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

அன்று கம்பத்தில் ஒரு நோட்டீஸ். அரசுக்குப் பற்றாக்குறையாம், செலவைக் குறைக்க, வசூல் இல்லாத ட்ரிப்புகள் நிறுத்தப்படுமாம். ஆம்பூர் போகும் ஆறு நாற்பது டவுன் பஸ்ஸை அடுத்த வாரம் ஆறு நாள் கணக்கெடுப்பார்களாம்.

என் மருமகள் ஸ்டெல்லாவைச் சேர்த்து நாற்பத்திரண்டு பெண்கள் அதில்தான் ஷூ ஃபேக்டரிக்குப் போகிறார்கள். பெண்களுக்கு இலவசம். பஸ் பிதுங்கும், கண்டக்டர் பையில் ஐந்து ஆண்களின் காசுதான் விழும். அடுத்த பஸ் எட்டரைக்கு. ஃபேக்டரி கேட் எட்டுக்கே மூடிவிடும்.

ரிஜெக்ட் நோட்டீஸைத் தோல் மாதிரி விரலால் தடவி, 'பற்றாக்குறை' மேல் வட்டம் போட்டார்.

"இது எங்க சார் குறையுது? கவர்மெண்ட் கணக்குல இருந்து தூக்கி நம்ம ஊர்ல இறக்கறாங்க. சாயங்காலம் நாப்பத்ரெண்டு சம்பளம் ஊருக்குள்ள வரலன்னா டீக்கடை இன்னா ஆவும்? பால்காரன் இன்னா ஆவான்? உங்க பேத்தி டியூஷன் இன்னா ஆவும்?"

இதையே டிப்போவிலும் போய்ச் சொன்னார். தங்களுக்கு வசூல் மட்டும்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்களாம்.

"வசூலா வேணும்? குடுத்துட்டா போச்சு" என்று திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை காலை பத்தொன்பது கிழவர்களைத் திரட்டி பஸ்ஸில் ஏற்றினார். நான் பத்தொன்பதாவது. காசு கொடுத்த கெத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். வேலைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். ஸ்டெல்லா என்னையே முறைத்தாள். ரிஜெக்ட் பேனா மூடியைத் திறந்தார். நான் போட்டிருந்தது அன்று இஸ்திரி போட்ட சட்டை. எழுந்துவிட்டேன். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"பெருசுங்களா, ஆம்பூர்ல இன்னா ஜோலி?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் வாங்கறதுதான் ஜோலி" என்றார் ரிஜெக்ட்.

ஆம்பூரில் இறங்குவோம், கை காலை உதறுவோம், அதே பஸ்ஸில் திரும்புவோம். ஆறு நாளும் இப்படியே. முழங்கால் வலி, சர்க்கரை, மூலம் எல்லாம் இருந்தும் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட மட்டம் போடவில்லை. எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது. இந்தத் தடத்துக்கு மூத்த குடிமக்களிடையே அமோக வரவேற்பு என்று அறிக்கை போனதாம். பஸ் இன்றும் ஓடுகிறது.

சனிக்கிழமை என் பன்னிரண்டு டிக்கெட்டையும் நூலில் கோத்து அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார். மேல் டிக்கெட்டில், வட்டம் இல்லாமல், 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்தார்.

அதைக் கண்ணாடி போட்டு, அந்த ஏழு வட்டங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறேன். கடைக்காரனிடம் பேரம்கூடப் பேசவில்லை. டிக்கெட் நூற்று எண்பது, கண்ணாடிச் சட்டம் இருநூற்று இருபது. ஆக ஒரு 'பாஸ்' நானூறு ரூபாய்.